நாலு நீல வட்டம்

தம்பி: மெதுவா அத்தான்... மெதுவா. மாவாட்டற கல்லா அது?

அத்தான்: மெதுவாத்தான் மாப்ளே திருப்பறேன்.

தம்பி: ஸ்பானர் வழியா கைக்கு என்ன தெரியுதோ, அதைச் சொல்லிக்கிட்டே திருப்புங்க.

அத்தான்: ஒண்ணும் தெரியல. வழுக்கிக்கிட்டுப் போகுது. இவ்வளவு எண்ணெய்ல குளிப்பாட்டி வெச்சிருக்கே, போகாம என்ன செய்யும்? எங்க வீட்டுக் கதவுக் கீலுக்கு இதுல பாதி ஊத்தியிருந்தா...

தம்பி: கீலைப் பத்தி நான் கேக்கல. எஞ்சினைப் பத்திக் கேட்டேன்.

அத்தான்: சரி, சரி. போகுது... கால் சுத்து... அரைச் சுத்து... இதோ இன்னும் கொஞ்சம்...

தம்பி: ம்.

அத்தான்: டொக்குனுச்சு.

தம்பி: என்னது?

அத்தான்: டொக்குனு ஒரு சத்தம். அதுக்கு மேல போகமாட்டேங்குது.

தம்பி: தள்ளாதீங்க! கையை எடுங்க... எடுங்கன்னா எடுக்கணும் அத்தான்!

அத்தான்: எடுத்துட்டேன்ப்பா. இந்தா பாரு, ரெண்டு கையும் இங்கதான் இருக்கு.

தம்பி: நகருங்க, நான் பாக்கறேன்... பின்னால எடுத்து... திரும்ப முன்னால... ஐயோ. அதே இடம். அதே டொக்கு.

அத்தான்: நான்தான் அப்பவே சொன்னேனே.

தம்பி: என்ன சொன்னீங்க?

அத்தான்: டொக்குனுச்சுன்னு.

தம்பி: அத்தான், நாலு மாசம். நாலு மாசமா இந்த ஜீப்பு என் ஒர்க்‌ஷாப்புல குடித்தனம் நடத்துது. வேற வண்டி வந்தா உள்ள விட இடமில்ல. வெயில்ல, வாசல்ல, மண்ணுல படுத்து வேலை பாக்கறேன். மழை தூறினா தார்ப்பாயை இழுத்துப் போத்திக்கிட்டு வேலை பாக்கறேன். எதுக்கு?

அத்தான்: எனக்காகத்தான் மாப்ளே. அதை மறப்பேனா?

தம்பி: "வண்டிக்கு இழுவை பத்தல, நீளமான க்ராங்க் போட்டுக் குடு"ன்னீங்க. சரின்னேன். க்ராங்க் நீளமானா பிஸ்டன் அதிகமா மேல போகும், அதிகமாக் கீழ வரும், அதுக்குத் தோதா வேற பிஸ்டன் வேணும்னேன். நீங்களே போய் வாங்கிட்டு வந்தீங்க. அது வேற ஏதோ வண்டியோட பிஸ்டன்.

அத்தான்: பெட்டி ஒரே மாதிரி இருந்துச்சு.

தம்பி: பெட்டிமேல கொட்டை எழுத்துல எழுதியிருந்துச்சு! சரி, தொலையட்டும்னு விட்டேன். ரெண்டாவது செட்டை வாங்கிட்டு வரும்போது பஸ்ஸுலயே விட்டுட்டு எறங்கிட்டீங்க.

அத்தான்: மறதிதானே... வயசாகுதில்ல.

தம்பி: நாப்பத்தெட்டு ஒரு வயசா? மூணாவது செட்டை நானே போய்க் குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தேன். அப்புறம் பேரிங். உங்க வீட்டுக்கு வந்த பார்சலை, அங்க ஆளே இல்லைன்னு கூரியர்காரன் திருப்பிக் கொண்டு போயிட்டான். அன்னைக்கு அக்கா வீட்லதான் இருந்தா. மிஷின்ல உக்காந்து ஜாக்கெட் தெச்சுக்கிட்டு இருந்தா.

அத்தான்: மிஷின் சத்தத்துல மணி அடிச்சது கேட்டிருக்காது.

தம்பி: எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கீங்க. இன்னைக்கு என்ன கெழமை?

அத்தான்: வியாழன்.

தம்பி: சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு என்ன?

அத்தான்: தெரியாத மாதிரி கேக்கறியே.

தம்பி: உங்க வாயால சொல்லுங்க. எனக்கு என்னமோ உங்களுக்கு மறந்துபோச்சுன்னு சந்தேகமா இருக்கு.

அத்தான்: குவாரி மேட்டுல சோதனை. வெள்ளத்துக்குப் போற மீட்புக் குழு வண்டியெல்லாம் ஆளு, கயிறு, சாமான் ஏத்திக்கிட்டு மேட்டை ஏறிக் காட்டணும்.

தம்பி: ஏறினா?

அத்தான்: இந்த மழைக்காலத்துக்குப் பட்டியல்ல பேரு இருக்கும்.

தம்பி: ஏறலைன்னா?

அத்தான்: இருக்காது.

தம்பி: இதைச் சொல்லும்போது எதுக்குச் சிரிக்கறீங்க?

அத்தான்: சிரிக்கலையே. என் மூஞ்சியே அப்படித்தான்.

தம்பி: எனக்கு வாயில நல்லா வருது... அக்கா புருஷனாப் போயிட்டீங்க.

அத்தான்: விடு மாப்ளே. இவ்வளவு பதறாத. இந்த வருஷம் முடியலைன்னா அடுத்த வருஷம் பட்டியல்ல சேந்துட்டாப் போச்சு. அதுக்காக நீ உடம்பைக் கெடுத்துக்காத.

தம்பி: அடுத்த வருஷமா? போன வருஷம் இங்க, இதே ஸ்டூல்ல உக்காந்து என்ன சொன்னீங்க? சேத்து மேட்டுல பாதி வழியில வண்டி இழுக்காம நின்னுடுச்சு, மேல தனியா மாட்டிக்கிட்ட பதினோரு பேரும் வேற வண்டி வர்ற வரைக்கும், மறுநாள் மத்தியானம் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே கெடந்தாங்க, இனிமே என் ஆயுசுல அப்படி நடக்கக் கூடாதுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டீங்க. கண்ணுல தண்ணி நின்னுச்சு உங்களுக்கு. சொன்னீங்களா, இல்லையா?

அத்தான்: சொன்னேன்.

தம்பி: அதுக்குத்தான் இந்தப் பாடு. இல்லைன்னா எனக்கு என்ன வேண்டுதலா? ... அந்த டார்ச்சை எடுங்க. எஞ்சினை ஸ்டாண்டுல கவுத்துத்தானே மாட்டியிருக்கு, அடி வழியா நல்லாத் தெரியும். இன்னும் கிட்டக் காட்டுங்க. என் கண்ணுக்குள்ள இல்ல, எஞ்சினுக்குள்ள!

அத்தான்: கிட்டக் காட்டுன்னே, காட்டினேன்.

தம்பி: இதோ... ரெண்டாம் சிலிண்டர். பிஸ்டனை க்ராங்கோட கோக்கற ராடு போல்ட்டு சிலிண்டரோட விளிம்புல போய் முட்டுது பாருங்க. மூணாவதும்... மூணாவதும் முட்டுது. ரெண்டும் மூணும் ஒண்ணாத்தான் ஏறும், ஒண்ணாத்தான் எறங்கும், அதான் ஒரே டொக்காக் கேட்டிருக்கு.

அத்தான்: அப்போ க்ராங்க் சரியில்லையா?

தம்பி: க்ராங்குக்கு என்ன? ராசாத்தி மாதிரி இருக்கு. க்ராங்க் நீளம் கூடினா ராடு இன்னும் அகலமாச் சுத்தும். பழைய க்ராங்க் வாசல்ல போட்ட கோலம்னா இது தெருவையே வளைக்கற கோலம். அப்போ பக்கத்துல இருக்கற இரும்புல இடிக்காம இருக்க, விளிம்புல நாலு இடத்துல நகம் அளவுக்குச் செதுக்கி விடணும். அதுக்குத்தான் ஒரு தடவை சும்மா மாட்டி, கையால திருப்பி, எங்கெங்க நெருங்குதோ அங்கெல்லாம் நீலப் பேனாவால வட்டம் போட்டேன். நாலு சிலிண்டர், நாலு வட்டம். நீங்களும்தானே பாத்தீங்க?

அத்தான்: பாத்தேன், பாத்தேன்.

தம்பி: சிலிண்டர் பிளாக்கை க்ரைண்டிங் பட்டறைக்கு அனுப்பினேன். அவரு செதுக்கி அனுப்பினாரு. சோப்புப் போட்டு மூணு தடவை கழுவினேன். கண்ணுல விளக்கெண்ணெயை ஊத்திக்கிட்டு ஒவ்வொரு போல்ட்டா முறுக்கினேன். ஆனா... பள்ளம் எத்தனைன்னு எண்ணல. எண்ணாதது என் புத்தி. இங்க பாருங்க, ஒண்ணாவதுல பள்ளம் இருக்கு. நாலாவதுல இருக்கு. நடுவுல ரெண்டும் மொழுமொழுன்னு இருக்கு. அந்த மனுஷனை இப்ப என்ன செய்யறேன் பாருங்க.

அக்கா: என்னடா, வாசல் வரைக்கும் கத்தறது கேக்குது? சாப்பாடு கொண்டாந்திருக்கேன். மணி ரெண்டாகுது, ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க.

தம்பி: அங்க வெச்சுட்டுப் போ அக்கா.

அக்கா: போன்னா? மூஞ்சியைப் பாரு, கரி அள்ளிப் பூசின மாதிரி. ஏங்க, என்ன ஆச்சு இவனுக்கு?

அத்தான்: எஞ்சின் டொக்குனுச்சு. அதுலேருந்து இவனும் டொக் டொக்குனுதான் பேசறான்.

அக்கா: சுத்தலையா?

அத்தான்: சுத்தல.

அக்கா: அப்போ சனிக்கிழமை...

தம்பி: ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க, போன் பேசறேன்... அண்ணே, வணக்கம். நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இல்ல... அந்த ஜீப்பு பிளாக்கு... ஆமாண்ணே. நாலு இடத்துல வட்டம் போட்டு அனுப்பினா ரெண்டை மட்டும் செதுக்கிட்டு ரெண்டைச் சாமிக்கு விட்டுட்டீங்களா? ... என்ன? ... ரெண்டுதான் இருந்துச்சா? ... அண்ணே, என் கையால போட்டேன்... சரி... போட்டோவா? வர்ற எல்லாத்தையும் எடுத்து வெப்பீங்களா? அனுப்புங்க, இப்பவே அனுப்புங்க. நானும் பாக்கறேன்.

அக்கா: சாப்பிட்டுட்டு பாக்கலாமேடா. ஆறுது.

தம்பி: ஆறட்டும். நானும் ஆறணும்ல.

அத்தான்: என் போனும் அடிக்குது. குழுத் தலைவரு. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு கேப்பாரு... உள்ள சிக்னல் விட்டு விட்டு வரும், நான் தெருவுல போய்ப் பேசிட்டு வந்துடறேன்.

தம்பி: வேலை பாதியில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. முடியாதுன்னு சொல்லிடாதீங்க. அத்தான்! கேக்குதா? ... காதுல வாங்காமப் போறாரு பாரு.

அக்கா: போட்டோ வந்துடுச்சா?

தம்பி: வந்துடுச்சு. இரு... பெருசாக்கிப் பாக்கறேன்... ஆமா, அவரு சொன்னது நெசம். ஒண்ணுலயும் நாலுலயும் வட்டம் இருக்கு. ரெண்டுல இல்ல. மூணுல... அங்கயும் இல்ல. அக்கா, அந்த ஞாயித்துக்கிழமை நீ இங்க வந்தேல்ல?

அக்கா: எந்த ஞாயிறு? வாராவாரம்தான் சாப்பாடு கொண்டாறேன்.

தம்பி: நான் வட்டம் போட்ட ஞாயிறு. இது எதுக்குடா இங்க நீலமாக் கிறுக்கியிருக்கேன்னு கேட்ட. நான் சொன்னேன். "ஓ, நாங்க துணியில சாக்பீஸ்ல கோடு போடற மாதிரி, கோடு இல்லாத இடத்துல கத்திரி போகாது"ன்ன.

அக்கா: சொல்லியிருப்பேன். அதுக்கென்ன?

தம்பி: அதுக்கப்புறம் நான் சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். நீ மட்டும் இருந்த.

அக்கா: இருந்தேன். பெஞ்சைத் துடைச்சேன். எவ்வளவு அழுக்கா வெச்சிருந்த தெரியுமா? கால் வெக்க முடியல...

தம்பி: அக்கா.

அக்கா: அந்த ஜன்னல்ல ஒட்டடை...

தம்பி: அக்கா, என் மூஞ்சியைப் பாத்துப் பேசு. நெஞ்சுல கையை வெச்சுச் சொல்லு. நீதானே?

அக்கா: அவருகிட்டச் சொல்லிடாதடா. உன் கால்ல வேணா விழறேன்.

தம்பி: கடவுளே... ஏன்க்கா! உனக்கு இது விளையாட்டா இருக்கா? இது ஜாக்கெட்டு இல்லக்கா, தையலைப் பிரிச்சுத் திரும்பத் தெக்கறதுக்கு. கையால திருப்பிப் பாக்காம நேரா ஸ்டார்ட் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ராடு பிளாக்கை ஒடைச்சுக்கிட்டு வெளிய வந்து என் மண்டையைப் பொளந்திருக்கும்!

அக்கா: நீ கையால ரெண்டு சுத்து திருப்பாம எந்த எஞ்சினையும் ஸ்டார்ட் பண்ணமாட்டேன்னு எனக்குத் தெரியும்டா. அது தெரியாம செய்வேனா? சின்ன வயசுல சைக்கிள் செயின் மாட்டினாலே கையால சுத்திப் பாத்துட்டுத்தான் ஏறுவ.

தம்பி: இப்ப என்னைப் புகழ்ந்து பேசாத. எனக்கு எரிச்சலா வருது. பேரிங் பார்சலும் உன் வேலைதானா?

அக்கா: அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான். அந்தப் புள்ள நல்ல புள்ள, உடனே போயிடுச்சு.

தம்பி: தலையைப் பிச்சுக்கணும் போல இருக்கு.

அக்கா: நீ ஒரு மாசம் என் வீட்ல இருந்து பாரு, அப்புறம் பிச்சுக்க. போன வருஷம் போனவரு மூணு நாள் என்ன ஆனாருன்னே தெரியாது. போன் இல்ல, தகவல் இல்ல. தெருவுல எந்த வண்டி வந்தாலும் எழுந்து எழுந்து ஓடினேன். வந்தாரு. வந்ததுலேருந்து மனுஷன் மனுஷனா இல்ல. வானம் கொஞ்சம் கறுத்தாப் போதும், வாசப்படியில உக்காந்து பூட்ஸை எடுத்து மாட்டறாரு. மாட்டிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. அப்புறம் கழட்டறாரு. போகத் துடிக்கறாருடா. காலு நிக்கமாட்டேங்குது அவருக்கு.

தம்பி: அதைச் சொல்லி, போகவேண்டாம்னு நேரா சொல்றதுக்கென்ன?

அக்கா: எப்படிச் சொல்ல? ஊரே அவரைத் தலையில தூக்கி வெச்சிருக்கு. பாக்கறவங்ககிட்டயெல்லாம், "வண்டி மட்டும் இழுத்திருந்தா அன்னைக்கே மேல போயிருப்பேன்"னு சொல்லிக்கிட்டிருக்கற மனுஷனைப் புடிச்சு, "நீங்க போகாதீங்க, எனக்குப் பயமா இருக்கு"ன்னா, நான் என்ன பொம்பளைன்னு நெனப்பாரு? ஒரு வட்டத்தை அழிச்சா, ஒரு வருஷம் என் கூட இருப்பாரு. அழிச்சேன்.

தம்பி: ஒரு வட்டம் இல்ல. ரெண்டு.

அக்கா: ஒண்ணுடா.

தம்பி: இன்னும் எதுக்கு மறைக்கற? அதான் ஒத்துக்கிட்டல்ல? ரெண்டாவது, மூணாவது.

அக்கா: ரெண்டாவது மட்டும்தான். நாலுல ஒண்ணு நின்னா எல்லாம் நின்னுடும்னு நீதானே சொன்ன? அப்புறம் நான் எதுக்கு ரெண்டை அழிக்கப் போறேன்? எண்ணெய்க் கையோட நிக்கறது எனக்கென்ன ஆசையா?

தம்பி: எதை வெச்சு அழிச்ச?

அக்கா: உன் தின்னர்லதான். துணியில நனைச்சு, தடமே தெரியாமத் துடைச்சேன்.

தம்பி: இரு... இந்தப் போட்டோவைப் பாரு. ரெண்டாவது துடைச்ச கண்ணாடி மாதிரி இருக்கு. மூணாவது பாரு... கட்டை விரலால அவசர அவசரமாத் தேச்சு, நீலமா இழுவிக் கெடக்கு. இது உன் கை இல்ல. நீ அழிச்சா ஒழுங்கா அழிப்ப.

அக்கா: அதைத்தானே நானும் சொல்றேன்!

அத்தான்: என்ன, அக்காவும் தம்பியும் ஒரே போனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கறீங்க?

அக்கா: ஒண்ணுமில்லைங்க. சாப்பிடுங்க.

தம்பி: தலைவருகிட்ட என்ன சொன்னீங்க?

அத்தான்: சனிக்கிழமை வர முடியாதுன்னு சொல்லிட்டேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாரு. எஞ்சின் வேலை இழுத்துக்கிச்சு, மச்சினன் என்ன பண்ணுவான், அவன் மேல தப்பில்லைன்னு எடுத்துச் சொல்லிட்டேன்.

தம்பி: உங்களை யாரு சொல்லச் சொன்னது? என் மேல தப்பில்லைன்னு நீங்க ஊருக்கு எடுத்துச் சொன்னா, ஊரு என்னன்னு புரிஞ்சுக்கும்? என்னாலதான் வண்டி போகலைன்னு நாளைக்கு டீக்கடையில பேசுவாங்க! போனைப் போட்டுத் திரும்பப் பேசுங்க. இப்பவே க்ராங்கைக் கழட்டறேன். ரெண்டு பள்ளம்தானே, நாளைக்குக் காலைல நானே செதுக்கறேன். சாயங்காலத்துக்குள்ள மூடிடறேன். யாரும் குறுக்க வராம இருந்தாச் சரி.

அத்தான்: வேண்டாம் மாப்ளே. அவசரத்துல செஞ்சா இன்னொரு டொக்கு வரும்.

தம்பி: நாலு மாசமாச் செய்யற வேலைக்கு அவசரம்னு பேரா?

அத்தான்: நீ முதல்ல சாப்பிடு...

தம்பி: சாப்பாடு சாப்பாடுன்னு புருஷனும் பொண்டாட்டியும் ஏன் என் உயிரை வாங்கறீங்க? எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். என் வட்டத்தை யாரோ அழிச்சிருக்காங்க. பூனையும் இல்ல, பேயும் இல்ல. தெரியற வரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணி எறங்காது.

அத்தான்: அழிஞ்சிருக்கும். எண்ணெய் சொட்டியிருக்கும். பேனா மட்டமான பேனாவா இருக்கும்.

அக்கா: ஏங்க... அவனைத் திட்டவும் முடியல, இவ்வளவு பாடுபடறதைப் பாக்கவும் முடியல. ரெண்டாவது வட்டத்தை நான்தான் அழிச்சேன்.

அத்தான்: நீயா?

அக்கா: நான்தான். என்ன வேணா சொல்லுங்க, வாங்கிக்கறேன்.

அத்தான்: நீயா அழிச்ச... அதானே பாத்தேன்! நான் வந்து பாக்கறப்போ மூணுதான் இருந்துச்சு. மாப்ளே ஒண்ணு போட மறந்துட்டான் போலன்னு...

தம்பி: எப்போ வந்து பாக்கறப்போ? நான் நாலு வட்டம் போட்டதை என் பக்கத்துல நின்னு பாத்தீங்க. அது காலைல. அப்புறம் எப்போ வந்தீங்க?

அத்தான்: சாயங்காலம் சும்மா இந்தப் பக்கமா... நீ பின்னால குளிச்சுக்கிட்டிருந்த. கதவு தொறந்து கெடந்துச்சு...

தம்பி: கட்டை விரலைக் காட்டுங்க.

அத்தான்: அது எப்பவோ போயிடுச்சு மாப்ளே. ரெண்டு நாள் நீலமாத்தான் இருந்துச்சு. பேனா கசிஞ்சுடுச்சுன்னு இவகிட்டச் சொன்னேன்.

அக்கா: நானும் நம்பி, எலுமிச்சம்பழம் தேச்சு விட்டேனே!

தம்பி: இது ஒரு குடும்பமா? நல்லா இருங்க ரெண்டு பேரும், நூறு வருஷம் நல்லா இருங்க! ஒரே நாள்ல, ஒரே எஞ்சின்ல, ஆளுக்கு ஒண்ணா அழிச்சுட்டு வீட்டுக்குப் போய் ஒரே பாய்ல படுத்துத் தூங்கியிருக்கீங்க! பஸ்ஸுல விட்ட பிஸ்டன்?

அத்தான்: விடல. சீட்டுக்கு அடியில காலால தள்ளிட்டு எறங்கினேன்.

தம்பி: மொத செட்டு? பெட்டி ஒரே மாதிரி இருந்துச்சா?

அத்தான்: கடைக்காரரு ரெண்டு தடவை கேட்டாரு, இதுதானான்னு.

தம்பி: என்னைப் புடிச்சுக்கங்க. யாராவது என்னைப் புடிச்சுக்கங்க.

அக்கா: நீ கொஞ்சம் வாயை மூடுடா. ஏங்க... நீங்க எதுக்கு அழிச்சீங்க? உங்களுக்குப் போகணும்னுதானே இத்தனையும்? பூட்ஸைப் போட்டுக்கிட்டு உக்காருவீங்களே...

அத்தான்: போட்டுப் பாப்பேன். எழுந்து நிக்க முடியுதான்னு.

அக்கா: முடியலையா?

அத்தான்: முடிஞ்சா நின்னிருக்கமாட்டேனாம்மா?

அக்கா: என்கிட்ட ஒரு வார்த்தை...

அத்தான்: நீ என்னை எவ்வளவு பெருமையாப் பாத்த, தெரியுமா? வர்றவங்களுக்கெல்லாம் காபி குடுத்து, அந்தக் கதையை நீயே சொல்லுவ. வண்டி மட்டும் இழுத்திருந்தான்னு.

அக்கா: நீங்க சொன்னதைத்தானே நான் சொன்னேன்?

அத்தான்: ஆமா. நான் சொன்னதைத்தான். வண்டிக்கு இழுவை இல்லைன்னு சொன்னேன். எல்லாரும், அப்போ எஞ்சினைப் பெருசாக்கு, பெருசாக்குன்னாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? சரின்னேன். இந்த வேலை முடிஞ்சுட்டா, அப்புறம் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இருக்காது.

தம்பி: எனக்குப் புரியல. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு எஞ்சின் என்ன பண்ணும்?

அக்கா: கத்தாதடா.

தம்பி: கத்தல... சரி. எல்லாரும் கக்கற நாள் போல. நானும் ஒண்ணைச் சொல்லிடறேன், அப்புறம் ரெண்டு பேரும் சேந்து என்னை அடிங்க. பழைய எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல.

அக்கா: என்னடா சொல்ற?

தம்பி: கழட்டறதுக்கு முன்னால அழுத்தம் பாத்தேன். நாலு சிலிண்டர்லயும் புதுசு மாதிரி இருந்துச்சு. வால்வு, ஜெட்டு, க்ளட்ச்சு, எல்லாம் சுத்தம். எதையும் தொடவே வேண்டியதில்ல. ஆனா நீளமான க்ராங்க் ஒண்ணு என் கையால போட்டு, அது முக்காம இழுக்கற சத்தத்தைக் கேக்கணும்னு பத்து வருஷமா ஆசை. யாரும் அந்த மாதிரி வேலை குடுக்கல. நீங்களா வந்து கேட்டீங்க. நான் பேசாம இருந்துட்டேன். இத்தனை நாள் உங்களைத் திட்டினேனே, பாதி என் மேல இருந்த கோவம்தான்.

அக்கா: அடப்பாவி! அப்போ எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சா?

தம்பி: நல்லா இருந்துச்சாவா? அந்தச் சேத்து மேடு என்ன, அதுக்கு மேல இன்னொரு மேடு இருந்தாலும் ஏறியிருக்கும். கியர் மட்டும் சரியாப் போட்டிருந்தாப் போதும்.

அக்கா: அப்போ... ஏங்க, அப்போ அன்னைக்குப் பாதியில வண்டி ஏன் நின்னுச்சு?

அத்தான்: சாப்பாடு ஆறிடுச்சு போல...

தம்பி: அத்தான்?

அக்கா: உங்களைத்தான் கேக்கறேன். இங்க பாருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஏன் நின்னுச்சு?

அத்தான்: அது நிக்கலம்மா. மொத கியர்ல, கொஞ்சம்கூட முனகாம, நல்லா இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. மேல அந்தப் பதினோரு பேரும் என்னைப் பாத்துட்டுக் கையை ஆட்டிக்கிட்டிருந்தாங்க. வலது பக்கம் கொஞ்சம் மண்ணு சரிஞ்சுது, கீழ ஆத்துத் தண்ணி தெரிஞ்சுது... நான்தான் க்ளட்ச்சை மிதிச்சு நிறுத்தினேன்.